பழி சோற்றின் மேல், பிழை வேறிடத்தில்

சாப்பிட்ட பிறகு சர்க்கரை 280, 300 என்று ஏறிவிட்டால் நீலகிரியில் இன்சுலின் போட்டுக்கொள்பவர் காதில் விழும் பதில்கள் மூன்று. "சோறு ஜாஸ்தியா சாப்பிட்டிருப்பீங்க." "அரிசியை விட்டுட்டு ராகிக்கு மாறுங்க." "இந்தக் குளிருக்கு சுகர் ஏறத்தான் செய்யும்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எது எவ்வளவு உண்மை, எதை முதலில் திருத்த வேண்டும், எது வெறும் சமாதானம் என்று யாரும் எடைபோட்டுச் சொல்வதில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எனச் சிதறிக் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய இடங்களில், தவறான காரணத்தைத் துரத்துவது பெரிய இழப்பு. அதனால் ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, அதற்கு என்ன சான்று இருக்கிறது, அந்தச் சான்று இந்த மலைக்கும் இந்த மக்களுக்கும் பொருந்துமா என்று பார்த்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களின் கணையம் இன்சுலினை அநேகமாகச் சுரப்பதே இல்லை. நீண்ட காலம் இரண்டாம் வகை நீரிழிவோடு வாழ்ந்து, மாத்திரை பயன்தராமல் ஊசிக்கு வந்தவர்கள் வேறு. அவர்களில் பலருக்குச் சொந்த இன்சுலின் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். நம் ஊரில் கிடைக்கும் உணவு ஆலோசனையில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையினரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அது முதல் வகையினருக்கும் அப்படியே கொடுக்கப்படுகிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நோயில்லாத ஒருவர் சாப்பிட்டதும் கணையம் சில நிமிடங்களில் இன்சுலினை நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் விடுகிறது. குளுக்கோஸை ஏற்றும் குளுக்ககானை அதே நேரத்தில் அடக்குகிறது. ஊசி போட்டுக்கொள்பவருக்கு இன்சுலின் தோலுக்கடியிலிருந்து கசிந்து தாமதமாக வருகிறது, தேவை முடிந்த பிறகும் தங்குகிறது. குளுக்ககானும் சாப்பாட்டுக்குப் பின் அடங்குவதில்லை. ஆகவே அவருக்கு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை என்பது தட்டில் இருப்பதை மட்டும் பொறுத்ததல்ல. உணவு குளுக்கோஸாக இரத்தத்தில் சேரும் வேகமும், ஊசி மருந்து வேலைசெய்யும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதைப் பொறுத்தது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் எந்த அறிவுரையும் பாதி அறிவுரைதான்.

பொருத்தம் தவறினால் இரண்டு பக்கமும் ஆபத்து. 1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேர் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்டார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கத் தீவிர சிகிச்சை பெற்றவர்களில், தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதிருந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அதே குழுவில் கடுமையான தாழ்சர்க்கரை மும்மடங்கானது. கண்ணைக் காக்கும் முயற்சி கவனமின்றி நடந்தால் ஆளையே சாய்த்துவிடும். சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மயக்கம் வருவது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வருவதைப் போன்றதல்ல.

எதை வைத்து அளக்கிறோம்?

காரணங்களை எடைபோடும் முன் தராசைச் சோதிக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் வழக்கமாகப் பார்ப்பது வெறும் வயிற்றுச் சர்க்கரையும், எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரியும். சராசரி எப்போதுமே உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தை மறைக்கக்கூடியது. காலை 300, பிற்பகல் 55 என்று அலைபவருக்கும் சராசரி நன்றாக வரலாம்.

நீலகிரியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த மலையின் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இல் அதைப் பதிவுசெய்தார்கள். கூடலூர், பந்தலூர்ப் பகுதிப் பழங்குடிகளிடையே அந்த நோய் இன்றும் உண்டு. அரிவாள் செல் நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகின்றன. குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ள அவற்றுக்குப் போதிய நாள் கிடைப்பதில்லை. அதனால் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையோ எதிர்த்திசையில் இழுத்து, உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். தோட்டப் பெண்களிடம் சோகை அரிதானதல்ல. ஆக, இந்த மாவட்டத்தில் சராசரி எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரல்நுனியில் குத்திப் பார்ப்பதே இங்கே நேர்மையான சான்று. அப்போது 180க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல இலக்கு.

விரல்நுனிக் கருவியையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக்சிஜனைச் சார்ந்து வேலைசெய்யும் பட்டைகள் மிக உயரமான இடங்களில் தவறும். ஆனால் பெரும்பாலான கருவிகள் சுமார் 3,000 மீட்டர் வரை ஏற்றவை என்பதால் உயரம் இங்கே பெரிய குற்றவாளி அல்ல. குளிர்தான் கவனிக்க வேண்டியது. பல கருவிகள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக இயங்குவதில்லை. உறைபனி விழும் ஜனவரி விடியலில் சன்னலோரம் கிடந்த கருவியைச் சற்று நேரம் உள்ளறையில் வைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். பழமோ வெல்லமோ தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணைக் கூட்டிவிடும். வெதுவெதுப்பான நீரில் கை கழுவுவது அந்தப் பிழையைப் போக்கும், குளிரில் விறைத்த விரலில் இரத்தம் வரவும் உதவும்.

முதல் குற்றச்சாட்டு: சோறு

மாவுச்சத்தின் அளவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைத் தீர்மானிக்கும் காரணங்களில் முதல் வரிசையில் நிற்கிறது என்பதில் ஐயமே இல்லை. கேள்வி அதுவல்ல. 'சோறு கெட்டது, ராகி நல்லது' என்று தானியத்தின் பெயரை வைத்துத் தீர்ப்பளிப்பது சரியா என்பதே கேள்வி.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், ராகியில் சுமார் 67 கிராம். வித்தியாசம் 11 கிராம். பெரியவர்கள் பலருக்கு ஒரு யூனிட் இன்சுலின் 10 முதல் 15 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்ற பொதுக் கணக்கில் இது ஒரு யூனிட் விவகாரம். ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. அந்த வகையில் ராகிக்கு உண்மையான மேன்மை உண்டு. ஆனால் நைசாக அரைத்து, கரைத்து, கஞ்சியாகக் குடிக்கும்போது அந்த மேன்மையில் பெரும்பங்கு கரைந்துவிடுகிறது. எந்த உணவு எவ்வளவு விரைவில் சர்க்கரையை ஏற்றுகிறது என்ற அளவீட்டை டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981இல் முன்வைத்ததிலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான செய்தி ஒன்று உண்டு. தானியத்தின் பெயரைவிட அது எவ்வளவு பொடிக்கப்பட்டது, எவ்வளவு குழைய வெந்தது, எதோடு சேர்த்து உண்ணப்பட்டது என்பவையே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. 'ராகிதானே' என்று அளவு பார்க்காமல் இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தவர், அளந்து சோறு சாப்பிட்டவரைவிட மேலே போவதில் வியப்பில்லை.

நீலகிரியின் படகர் வீட்டு ராகிக் களியான ஹிட்டுக்கு நல்ல பெயர் கிடைத்ததில் உடன் வரும் அவரைக் குழம்பான உதக்கவுக்கும் பங்கு உண்டு. அவரையின் புரதமும் நாரும் களியின் வேகத்தைத் தணிக்கின்றன. ஹிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவரையை விட்டுவிட்டால் பாரம்பரிய உணவின் பலன் பாதிதான் கிடைக்கும்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி வரும். வெள்ளை அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி உண்டவர்களுக்கு 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ 20 சதவீதமும், கைக்குத்தல் அரிசியோடு பருப்பு வகைகளும் உண்டவர்களுக்கு ஏறத்தாழ 23 சதவீதமும் குறைந்தது. சிறப்பான வேலை. ஆனால் பங்கேற்றவர்கள் உடல் எடை கூடிய, சொந்த இன்சுலின் சுரக்கும் 15 பேர். அந்த 20 சதவீதத்தை அப்படியே எடுத்து, கணையம் ஓய்ந்துபோன பதினாறு வயதுப் பையனுக்குப் பொருத்துவது தவறு. அவனுக்கு மெதுவாக ஏறும் உணவு நல்லதாகலாம். ஆனால் அவனுடைய ஊசி அதைவிட முன்னதாக உச்சத்துக்குப் போனால் முதலில் தாழ்சர்க்கரை வரும், பிறகு ஏற்றம் வரும்.

'சோற்றைக் குறை' என்ற அறிவுரையின் பெரிய குறை இன்னொன்று. நிலையான அளவில் ஊசி போட்டுக்கொள்பவர் பயந்துபோய்ச் சோற்றைக் குறைத்தால் இன்சுலின் மிஞ்சும். அன்று முற்பகல் அவர் சரிவில் நடுங்கி வியர்ப்பார். இன்சுலினுக்கு முந்தைய காலத்தில் முதல் வகை நோயாளிகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதங்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல் ஊசி பெற்ற லியோனார்ட் தாம்சனுக்கு வயது 14, எடை முப்பது கிலோவைத் தொடவில்லை. ஊசி வந்து நூறாண்டு கடந்த பிறகும் வளரும் பிள்ளையிடம் சோற்றைப் பறிப்பது அந்தப் பட்டினி வைத்தியத்தின் மிச்சமே. தேவை குறைவான சோறல்ல, தினமும் ஏறத்தாழ ஒரே அளவான சோறு. அல்லது சோற்றின் அளவுக்கேற்ப ஊசி.

கணக்கில் வராத தேநீரும் வர்க்கியும்

சோறு குற்றவாளிக் கூண்டில் நிற்க, உண்மையில் கணக்கு தப்புவது பலமுறை தேநீரில்தான். பாலும் சர்க்கரையும் சேராத தேநீர் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் தோட்டத்தில் தேநீர் என்றால் இனிப்புத் தேநீர். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி, சுமார் 10 கிராம். விடிகாலையில் ஒன்று, வேலைக்கு இடையில் ஒன்று, பறித்த கொழுந்தை எடை போட்ட பிறகு ஒன்று, வீடு திரும்பியதும் ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று என ஐந்து டம்ளர் ஆனால் 50 கிராம். இது ஏறத்தாழ 180 கிராம் வடித்த சோற்றுக்குச் சமம். இதற்கென்று யாரும் தனியாக ஊசி போடுவதில்லை, இதைச் சாப்பாடு என்று எண்ணுவதும் இல்லை. மருத்துவர் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் சொல்வதும் இல்லை. கரைந்த சர்க்கரை என்பதால் அது சோற்றைவிட விரைவாக ஏறவும் செய்கிறது. அதே இனிப்புத் தேநீர் தாழ்சர்க்கரை வந்தவருக்கு நல்ல முதலுதவி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூடவே வர்க்கி. மைதா, சர்க்கரை, வனஸ்பதி என அடுக்கடுக்காகச் சுட்டது. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பல மணி நேரம் கழித்து இன்சுலினுக்கு உடல் மசியாத நிலையையும் உண்டாக்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மாவுச்சத்து ஒரே அளவில் இருந்தும், கொழுப்பு மிகுந்த இரவு உணவுக்கு 12.6 யூனிட்டும் கொழுப்பு குறைந்த உணவுக்கு 9 யூனிட்டும் இன்சுலின் தேவைப்பட்டது. ஏழு பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு என்பதால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே ஆண்டில் 33 சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் செய்த வேறோர் ஆய்வும் கொழுப்பும் புரதமும் தனித்தனியாகவும் சேர்ந்தும் பின்னேரச் சர்க்கரையை ஏற்றுவதைக் கண்டது. திசை உறுதியானது. இரவு பரோட்டாவும் கோழிக் குழம்பும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 150 என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கியவர், விடியலில் 260 பார்த்துத் திகைப்பதற்கு இதுவே விளக்கம். இங்கே இரண்டு மணி நேரச் சோதனையும் ஏமாற்றும். எப்போதாவது ஒரு நாள் நான்கு, ஐந்து மணி நேரம் கழித்தும் பார்த்தால்தான் தெரியும்.

விசாரிக்கப்படாத குற்றவாளி: ஊசி

இப்போது தட்டை விட்டு ஊசிக்கு வருவோம். அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைப்பது சாதாரண இன்சுலினும், 30 பங்கு சாதாரண இன்சுலினோடு 70 பங்கு மெதுவான என்பிஎச் சேர்ந்த கலவையும். இவற்றிலுள்ள சாதாரண இன்சுலின் வேலையைத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும், உச்சத்துக்குப் போக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்கிறார்கள்.

தோட்டத்துக் காலைப் பொழுதில் இந்த அரை மணி நேரம் எங்கே கிடைக்கும்? ஒரு பெண் இருட்டில் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்செய்து, மதியத்துக்கும் கட்டிக்கொண்டு, கடைசியில் ஏழு மணிக்கு ஊசியைக் குத்திய கையோடு நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு, எட்டரைக்குச் சோறு முழு வேகத்தில் குளுக்கோஸாகிறது. ஊசியின் வேகம் அப்போதுதான் எழுகிறது. ஒன்பது மணிக்குப் பார்த்தால் 280. பத்தரைக்கு உணவின் வேகம் தணிகிறது, ஊசியின் வேகம் உச்சத்தில் நிற்கிறது, அவள் கூடையைச் சுமந்து சரிவில் ஏறிக்கொண்டிருக்கிறாள். இப்போது 60. மதியச் சாப்பாட்டைத் தாங்க வேண்டியது காலையில் போட்ட என்பிஎச். எடை போடுவது தாமதமாகிச் சாப்பாடு தள்ளிப்போனால் மறுபடி இறக்கம். இந்த நாளில் சோற்றின் குற்றம் என்ன? அளவும் வகையும் மாறாமல் ஊசியை மட்டும் ஆறரைக்கு நகர்த்தியிருந்தால் ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே மட்டுப்பட்டிருக்கும்.

நேரத்தின் பங்கு விரைவாக வேலைசெய்யும் நவீன இன்சுலினிலும் மறைவதில்லை. 2010இல் முதல் வகை நோயாளிகள் 10 பேரிடம் அஸ்பார்ட் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன், 15 நிமிடம் முன், சாப்பிடும்போது என மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 15 நிமிடம் முன் போட்டதே உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. அதே உணவு, அதே மருந்து, நேரம் மட்டும் வேறு.

'அப்படியானால் எல்லோருக்கும் விரைவு இன்சுலின் கொடுத்தால் தீர்ந்ததே' என்று வாதிடலாம். நேரம் தவறுவதை அது ஓரளவு மன்னிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வயது வந்த முதல் வகை நோயாளிகளிடம் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, சாதாரண இன்சுலினைவிட விரைவு இன்சுலினால் எச்பிஏ1சி குறைந்தது 0.15 சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் என்று கண்டது. சரியான நேரத்தில் போட்ட சாதாரண இன்சுலின் மட்டமான மருந்தல்ல. நேரம் தவறிப் போட்ட எந்த இன்சுலினும் நல்ல மருந்தாகாது.

ஊசிப் பழக்கத்தில் இன்னும் மூன்று பிழைகள் உண்டு. மூன்றும் தட்டின் மேல் பழி போட வைப்பவை.

முதலாவது, குப்பியைக் கலக்காமல் எடுப்பது. கலவை இன்சுலின் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், மேலே தெளிந்த நீர். அந்த வெள்ளைப் படிவுதான் என்பிஎச். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை மெதுவாக இருபது முறை உருட்டி, தலைகீழாகச் சாய்த்து, முழுவதும் ஒரே பால் நிறமாகும்வரை செய்ய வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை வரும், அளவு தப்பும். 1999இல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வில் 109 நோயாளிகளின் பேனா ஊசிகளைச் சோதித்தபோது, பத்து முறைக்கு மேல் உருட்டுபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சில பேனாக்களில் இருந்த என்பிஎச் அளவு இருக்க வேண்டியதில் 5 சதவீதம், சிலவற்றில் இரு மடங்குக்கும் மேல். ஒரு நாள் தெளிநீரையும் மறுநாள் படிவையும் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை ஏன் ஏறி இறங்குகிறது என்று சாப்பாட்டில் தேடினால் கிடைக்காது. ஒழுங்காகக் கலக்கினாலும் என்பிஎச்சின் செயல் அதே ஆளிடம், அதே அளவில் நாளுக்கு நாள் ஏறத்தாழ 60 சதவீதம் மாறுவதை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்தின் இயல்பிலேயே உள்ள இந்த அலைவுக்கு நோயாளியைத் திட்டுவது அநியாயம்.

இரண்டாவது, சிரிஞ்சு மாறுவது. நம் நாட்டுக் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாக்களில் 100 யூனிட். 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கு உரியது ஆரஞ்சு. 40 யூனிட் குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? தலைகீழாக மாறினால் 20க்குப் பதில் 50 யூனிட் போய் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, ஒரே இடத்தில் குத்துவது. வலி குறைவு என்று தொப்புளுக்குப் பக்கத்தில் அதே இடத்தில், அதே ஊசியைப் பலமுறை பயன்படுத்திக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கே மருந்து சீராக உறிஞ்சப்படாது. அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைச் செய்யாமல் ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், என்றாவது நல்ல இடத்தில் குத்தும்போது சர்க்கரை தடாலென்று இறங்கும்.

சரிவும் குளிரும்

இந்த மலையில் எல்லாச் சாப்பாட்டுக்குப் பின்னும் ஒரு சரிவு காத்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு நடந்தால் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்பது முதல் வகையினரிடமே நேரடியாகச் சோதித்து 2012இல் உறுதிசெய்யப்பட்டது. தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இது வரம். ஆனால் எச்சரிக்கையும் உண்டு. தொடையில் ஊசி போட்டுவிட்டுக் கால்களுக்கு வேலை கொடுத்தால் மருந்து விரைவாக உறிஞ்சப்படுவதை கொய்விஸ்டோவும் ஃபெலிக்கும் 1978இலேயே காட்டினார்கள். வயிற்றில் போட்டால் இந்தப் பிரச்சினை குறைவு. கொழுந்து பறிக்கப் போகும் நாளில் தொடையைத் தவிர்ப்பது நல்லது.

உழைப்பின் பங்கைச் சோதிக்கத் தோட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை. அதே ஊசி, அதே சோறு, வேலை மட்டும் இல்லை. சனிக்கிழமை மதியமும் ஞாயிறு மதியமும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அந்த ஆளுக்கு உழைப்பு எவ்வளவு இன்சுலினுக்குச் சமம் என்பது ஓரிரு வாரங்களில் புலப்படும். கொழுந்து மிகுந்து பறிப்பு நேரம் நீளும் மாதங்களுக்கும், உறைபனியில் கொழுந்து குறையும் டிசம்பர், ஜனவரிக்கும் ஒரே ஊசி அளவு பொருந்தாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

குளிரைப் பற்றிச் சொல்வதானால், அதன் பங்கு உண்மை, ஆனால் சிறியது. குளிரில் தோலின் இரத்த ஓட்டம் குறைந்து ஊசி மருந்து மெதுவாகச் சேரும். வெப்பம் எதிர்மாறாக விரைவுபடுத்தும். ஊசி போட்ட கையோடு ஆவி பறக்கும் வெந்நீரில் குளிப்பது இறக்கத்தை வரவழைக்கலாம். குளிரோடு வரும் காய்ச்சலும் சளியும் சர்க்கரையை நிச்சயம் ஏற்றும், அது தொற்றின் வேலை. உயரத்தைப் பொறுத்தவரை, இன்சுலின் தேவையைக் கணிசமாக மாற்றும் விளைவுகள் காணப்பட்டிருப்பது இதைவிடப் பெரிதும் உயர்ந்த மலைகளில். பிறந்து வளர்ந்து வாழும் ஊட்டிக்காரருக்கு அதைக் காரணமாகச் சொல்ல இடமில்லை. மாறாக, இந்தக் குளிர் ஓர் உதவியும் செய்கிறது. சமவெளியில் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானையில் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. இங்கே திறந்த குப்பியை ஏறத்தாழ ஒரு மாதம் வெயில் படாத அலமாரியில் வைத்தாலே போதும். உறைய மட்டும் விடக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

தீர்ப்பு

இத்தனையையும் எடையிட்டால் வரிசை இப்படி அமைகிறது. முதலிடம் ஊசிக்கும் மாவுச்சத்தின் அளவுக்கும் உள்ள பொருத்தம், அதில் தேநீர்ச் சர்க்கரையும் அடக்கம். அதற்கு இணையாக ஊசியின் நேரமும் போடும் முறையும். மூன்றாவது உழைப்பு. நான்காவது உடன் உண்ணும் கொழுப்பும் புரதமும். ஐந்தாவதாகத்தான் அரிசியா ராகியா என்ற வகை வேறுபாடு. குளிர் அதற்கும் பின்னால், உயரம் ஏறக்குறைய இல்லை. நாட்டில் நடக்கும் ஆலோசனையோ இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. தானிய வகைக்கு நீண்ட உரை, ஊசி நேரத்துக்கு ஒரு வரி.

எதிர்வாதம் உண்டு. உழைக்கும் மக்களால் மாவுச்சத்துக் கணக்குப் போட முடியுமா, சோதனைப் பட்டைக்குக் காசு எங்கே என்பார்கள். நாள் முழுக்கப் பறித்த கொழுந்தைக் கிலோ கணக்கில் மனத்தில் வைத்திருக்கும் பெண்ணுக்குக் கரண்டிக் கணக்கு வராது என்பதை ஏற்க முடியாது. பட்டைக்கான செலவு மெய்யான தடை. அதனால்தான் செலவில்லாத திருத்தங்களை முன்னே வைக்கச் சொல்கிறோம். ஊசியை அரை மணி நேரம் முன்னால் நகர்த்துவதற்கும், குப்பியை உருட்டுவதற்கும், இடம் மாற்றிக் குத்துவதற்கும், சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பார்ப்பதற்கும் காசு வேண்டாம். இவற்றைச் சரிசெய்யாமல் ஊசியின் அளவைக் கூட்டுவதோ சோற்றைப் பறிப்பதோ தவறான சிகிச்சை. இவற்றைச் சரிசெய்த பிறகு ஏற்றம் மட்டுப்பட்டு, பழைய அளவு மிகையாகித் தாழ்சர்க்கரை வரலாம் என்பதால், மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

அரசின் பொறுப்பும் இங்கே இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. இன்சுலின் சார்ந்தவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர் குப்பியை உருட்டச் சொல்லி நேரில் பார்க்க வேண்டும், குத்தும் இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும், மாதத்துக்குச் சில பட்டைகளாவது கையில் கொடுக்க வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி, தோட்டத் தொழிலாளர்களிடமும் பழங்குடிகளிடமும் ஊசி நேரத்தை மாற்றினால் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்கச் சரியான இடத்தில் நிற்கிறது. தோட்ட நிர்வாகங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. இன்சுலின் போடுபவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் எடை வரிசைக்காகத் தள்ளிப்போகாது என்று ஓர் உத்தரவாதம், அவ்வளவுதான்.

அடுத்த முறை கருவியில் 280 தெரியும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஊசி எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு? குப்பி உருட்டப்பட்டதா? எந்த இடத்தில் குத்தினீர்கள்? இடையில் எத்தனை தேநீர்? இன்று வேலை நாளா, ஓய்வு நாளா? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகு சோற்றைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் பேசினால், நோயாளியைப் பட்டினி போட்டுவிட்டு நோயை அப்படியே விட்டுவைக்கிறோம்.